வாசலில் நின்ற முயல்

ஏரிக்கரைச் சரிவில் அகலமான எலி வளை ஒன்று இருந்தது. வாசலில் ஒரு பெருச்சாளி காவல். யார் வந்தாலும் பெயர் கேட்கும். அனுப்பியது யார் என்று கேட்கும். காதையும் காலையும் நிதானமாக மோந்து பார்க்கும். இப்போதுதான் போனவர் திரும்பி வந்தாலும் முதலிலிருந்து மோந்தாக வேண்டும். பாம்புக்குப் பயந்து வைத்த வழக்கம், குறை சொல்ல முடியாது.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. ஏரி மளமளவென்று ஏறியது. வளையின் அடியில் ஒரு தாய் எலி, கண் திறக்காத குட்டிகளோடு படுத்திருந்தது. அந்த மழையில் குட்டிகளை வெளியே கொண்டுபோனால் பிழைக்காது. சரிவின் மேலே ஒரு பாறை, அதன் அடியில் காய்ந்த பொந்து. உள்ளுக்குள்ளேயே அதுவரை தோண்டிவிட்டால் தப்பிக்கலாம். ஆனால் எந்தப் பக்கம் தோண்டுவது? அது குன்றின் மேல் நின்ற யானைத் தலைவருக்குத்தான் தெரிந்தது.

அவர் முயலை அனுப்பினார். முதலில் பனைமரத்துப் பக்கம் தோண்டச் சொன்னார். முயலுக்குத் தன் கால்மேல் ஏகப்பட்ட பெருமை. ஒரே பாய்ச்சலில் வாசலுக்கு வந்தது. பெருச்சாளி மோந்து முடிப்பதற்குள் முயலின் மூச்சிரைப்பே அடங்கிவிட்டது. உள்ளே போய்ச் சொல்லி, வளையில் இருந்த எலிகள் தோண்டி முடித்ததும் குன்றேறி அடுத்தது என்ன என்று கேட்டது. வேர் வந்தால் இடப்பக்கம் திரும்பச் சொன்னார். மறுபடி ஓட்டம். மறுபடி மோப்பம்.

நேரம் போவது முயலுக்கும் தெரிந்தது. அதற்கு என்ன செய்தது தெரியுமா? இன்னும் வேகமாக ஓடியது! வாசலில் நின்ற நேரம் அதன் புத்தியிலேயே ஏறவில்லை, பாவம்.

அடுத்த முறை வந்தபோது தாய் எலி அழுதுகொண்டிருந்தது.

"அண்ணே, தண்ணி குட்டிங்க படுக்கைக்கே வந்திருச்சு. இன்னும் எவ்வளவு தோண்டணும்?"

"தெரியாதும்மா. ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்ததைக் கேப்பேன்."

"நீங்க ஓடுனது போதும். மிச்சம் எல்லாத்தையும் மொத்தமா கேட்டுக்கிட்டு வாங்க. வந்தா வேலை முடியிற வரைக்கும் வெளியே போகாதீங்க."

முயல் போய்க் கேட்டது. தலைவர் வியப்போடு பார்த்தார். "நீ கேட்கவே இல்லையே. உனக்கு ஓடுவது பிடிக்கும் என்றல்லவா நினைத்தேன்!" என்று சொல்லிவிட்டு, பாறைவரை உள்ள வழி முழுவதையும் விளக்கினார்.

பெருச்சாளி இந்த முறையும் ஒரு காதைக்கூட விடாமல் மோந்தது. ஆனால் உள்ளே போன முயல் திரும்பவில்லை. எலிகளின் பக்கத்திலேயே நின்று, ஒரு திருப்பம் முடிந்ததும் அடுத்ததைச் சொன்னது. பாறையடிப் பொந்து திறந்தது. தாய் எலி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு ஏறியது. கடைசிக் குட்டியைத் தூக்கிய கையோடு படுக்கை தண்ணீரில் மூழ்கியது.

காய்ந்த மண்ணில் குட்டிகள் பால் குடித்தன. அன்று முழுக்க முயல் தன் கால் வேகத்தைப் பற்றியே எல்லோரிடமும் பேசித் தீர்த்தது. தாய் எலி குட்டிகளை நக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தது.

வேலை தாமதமானால் இன்னும் வேகமாக ஓடுவதற்கு முன், எந்த வாசலில் வீணாகத் திரும்பத் திரும்பக் காத்து நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும்.