மகாராஜாவின் பெயர் சூடிய நாற்றுகள்

முன்னொரு காலத்தில் கனகசேகரன் என்ற ராஜாவுக்கு ஒரு பூவின் மேல் பொறாமை வந்தது. அந்தப் பூ பூத்ததும் அவருடைய அரண்மனைத் தோட்டத்திலேதான்.

தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவள் பூவாயி. ஒரு செம்பருத்தியின் மகரந்தத்தைக் கோழி இறகால் தொட்டு, வேறொரு செம்பருத்தியின் நடுக்காம்பு நுனியில் தடவுவாள். காய் முற்றியதும் விதையெடுத்து முளைக்கப் போடுவாள். ஒரே காயில் பிறந்த நாற்றுகள்கூட ஒன்றைப்போல் ஒன்று பூப்பதில்லை. அதனால் ஒவ்வொரு நாற்றின் அடியிலும் எண் கீறிய ஓட்டுச்சில்லு ஒன்றைச் செருகி வைப்பாள். அவளுக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியாது. எந்த எண்ணுக்கு எது தாய், எது தந்தை, என்றைக்குப் பூத்தது, என்ன நிறம், ஏன் பிடுங்கினோம் என்று அவள் சொல்லச் சொல்ல, ஓலையில் எழுதிவைத்தவன் அரண்மனை விகடகவி மருதப்பன். நூறு நாற்றில் இரண்டோ மூன்றோ தேறும். மற்றவை எருக்குழிக்குப் போகும்.

ஓர் ஆண்டு நாற்பத்தொன்றாம் நாற்று பூத்தது. அந்திவானத்தின் நிறம், நடுவில் மட்டும் கருஞ்சிவப்பு. ஊரே வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தது. சந்தையில், குளக்கரையில், கோயில் வாசலில் எங்கும் நாற்பத்தொன்று பற்றியே பேச்சு. அண்டை நாட்டுத் தூதர் சபைக்கு வந்தார். ராஜா புதிதாகச் செய்த மகுடத்தைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டியும் அவர் கவனிக்கவில்லை.

"மன்னா, தங்கள் நாட்டில் நாற்பத்தொன்று என்று ஒன்று இருக்கிறதாமே! அதை நான் காணலாமா?" என்று கேட்டார்.

ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று.

பிரதானி ஆதிமூலம் அதைக் கண்டுகொண்டார். மருதப்பனுக்கு ராஜாவின் அருகிலேயே ஆசனம் போட்ட நாள் முதல் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. தூதர் போனதும் ராஜாவின் காதருகே குனிந்தார்.

"பிரபு, ஓர் எண்ணுக்குக் கிடைக்கும் புகழ் தங்கள் திருநாமத்துக்கு இல்லையே என்று என் நெஞ்சு எரிகிறது. தோட்டத்தில் இனி எண்ணே வேண்டாம். எல்லா நாற்றுக்கும் தங்கள் பெயரையே சூட்டலாம். ஓலையிலும் அதையே எழுதச் சொல்லலாம்."

எண் போனால் தோட்டம் குழம்பும், தோட்டம் குழம்பினால் மருதப்பன் தலைகுனிவான் என்பது அவர் போட்ட கணக்கு. ராஜாவுக்கோ யோசனை தேனாக இனித்தது. ஆணை எழுதி முத்திரையும் வைத்தார்கள்.

செய்தி கேட்டுப் பூவாயி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "நூத்தி இருவது நாத்துக்கும் ஒரே பேரா சாமி? அப்புறம் எது எதுக்குப் பொறந்ததுன்னு நான் எப்படிக் கண்டுபுடிப்பேன்? பத்து வருசப் பாடு போச்சே!"

மருதப்பன் சபையில் மன்றாடிப் பார்த்தான். "இது பிரதானி சொன்ன நல்ல யோசனை. ஆணையில் ஓர் எழுத்துப் பிசகினாலும் உன் தலை இருக்காது" என்றார் ராஜா.

"அப்படியே ஆகட்டும், பிரபு" என்று வணங்கிவிட்டுப் போனான் மருதப்பன்.

ஓராண்டு கழிந்தது. ஒரு நாள் பிரதானி ஆள் வைத்து அந்த ஓலைக்கட்டைத் தருவித்து வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் மலர்ந்தது. மறுநாள் காலை நிறைந்த சபையில் எழுந்து நின்றார்.

"பிரபு, விகடகவி எழுதியிருப்பதைக் கேளுங்கள். 'ஆடி மூன்று. கனகசேகர மகாராஜா மாவுப்பூச்சி பிடித்து வாடினார். பிடுங்கி எருக்குழியில் போட்டோம்.'"

பிரதானி அடுத்த ஓலையைப் புரட்டினார்.

"'ஆடி ஒன்பது. வேலி தாண்டி வந்த ஆடு மகாராஜாக்கள் நால்வரைத் தின்றது. ஆவணி இரண்டு. மகாராஜா பூத்தார். சாயம்போன வேட்டி நிறம், எதற்கும் உதவார். தாயும் மகாராஜா, தந்தையும் மகாராஜா.' இது ராஜத்துரோகம் அல்லவா?"

ராஜா வாளை உருவிக்கொண்டு எழுந்தார். சபை ஓரத்தில் நின்ற பூவாயி ஓடிவந்து தரையில் விழுந்தாள். "நான் சொன்னதத்தான் அவுக எழுதுனாக. வெட்டுறதுன்னா என்னை வெட்டுங்க சாமி!"

மருதப்பன் அவளை எழுப்பி நிறுத்தினான். பிறகு ராஜாவை நோக்கிக் கைகூப்பினான்.

"பிரபு, எல்லா நாற்றுக்கும் தங்கள் திருநாமம், ஓலையிலும் அதுவே என்பது ஆணை. ஆனால் பூச்சிக்கும் ஆட்டுக்கும் ஆணை போகவில்லை. எண் இருந்த காலத்தில் எண் வாடியது, எண்ணை ஆடு தின்றது, யாருக்கும் வலிக்கவில்லை. ஓர் எழுத்தை மாற்றியிருந்தால் அன்றே என் தலை போயிருக்கும். மாற்றாததால் இன்று போகிறது."

ராஜாவின் வாள் பாதியில் நின்றது.

"ஒரு வழி இருக்கிறது, பிரபு" என்றான் மருதப்பன். "நாற்றுக்குப் பெயர் வேண்டுமென்ற யோசனை பிரதானியாருடையது. அந்தப் பெருமை அவரையே சேரட்டும். இன்று முதல் எல்லா நாற்றும் ஆதிமூலம். மாதந்தோறும் ஓலையைச் சபையில் உரக்க வாசிக்கிறேன்."

ராஜா பிரதானியைப் பார்த்தார். "என்ன சொல்கிறீர்?"

பிரதானிக்கு வியர்த்துக் கொட்டியது. எருக்குழியும் ஆடும் அவர் கண்முன் வந்து போயின. "வேண்டாம் பிரபு! எண்ணே போதும். எண்தான் ஒழுங்கு. நான் ஆரம்பத்திலிருந்தே..." என்று குழறினார்.

ராஜாவால் அடக்க முடியவில்லை. வாளைப் போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும், தோட்டத்தில் மறுபடி எண்ணே வரட்டும் என்றார். தோட்டத்தையும் அதையொட்டிய நிலத்தையும் பூவாயிக்கே எழுதிக் கொடுத்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதப்பனுக்குப் போட்டார்.

சபையே எழுந்து கைதட்டியது. பிரதானியும் முத்துமாலையைப் பார்த்தபடியே தட்டினார். சத்தம்தான் வரவில்லை.