கருமாதிக் கலயம்

அரைக்கிணற்றுப்பட்டிக்காரர்கள் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல இடம் இருக்காது. கிணறு வெட்டும்போது பாதியில் தண்ணீர் வந்து காலை நனைக்கிறது என்று, காய்ந்த இடமாகப் பார்த்து வேறு கிணறு வெட்டப் போனவர்கள் அவர்கள். அதனால்தான் ஊருக்கு அந்தப் பெயர். ஊர்த்தலைவர் மூக்கையா என்னிடம் இரவல் வாங்கிய கடப்பாரை இன்னும் அந்தக் கிணற்றுக்குள்தான் கிடக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு நான் பேசவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஊரில் கடலை விற்ற காசு பொதுவில் இருக்கும். காசு வருகிற வரைக்கும் சிரித்துக்கொண்டிருப்பார்கள், வந்த பிறகு கவலை பிடித்துக்கொள்ளும். எதற்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்று பேசிப் பேசியே ஊர் இளைத்துப் போகும். காசு தீர்ந்த பிறகுதான் எல்லோருக்கும் தூக்கம் வரும்.

ஒரு வருடம் பானை விற்கிற ஒருவன் அந்த வழியாக வந்தான். இவர்கள் முகத்தைப் பார்த்து என்ன விஷயம் என்று விசாரித்தான். இதற்கா இவ்வளவு கவலை என்று சிரித்தான். காசைப் பிரித்து வைத்துவிட்டால் கவலை தானாகப் போய்விடும் என்றான். சோற்றுக்கு ஒரு கலயம், துணிக்கு ஒரு கலயம், மருந்துக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, கருமாதிக்கு ஒன்று. ஒரு கலயத்துக் காசை இன்னொரு காரியத்துக்கு எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். அன்றைக்கு அவனிடம் விற்காமல் மீந்திருந்தது ஐந்து கலயம். ஆறு மீந்திருந்தால் ஆறாவது காரியமும் சொல்லியிருப்பான்.

ஐந்தையும் வாங்கினார்கள். காசை எப்படிப் பிரிப்பது என்று கேட்க மறந்துவிட்டதால், சரிசமமாகப் போட்டார்கள். ஒன்றில் கூடுதலாகப் போட்டால் மற்ற கலயம் மனசு கஷ்டப்படும் அல்லவா. அடையாளத்துக்குச் சோற்றுக் கலயத்தில் நெற்கதிரைக் கட்டினார்கள், துணிக் கலயத்தில் ஒரு கந்தலை, மருந்துக் கலயத்தில் வேப்பங்குச்சியை, கல்யாணக் கலயத்தில் மஞ்சள் கயிற்றை. கருமாதிக் கலயத்தின் வாயை ஒரு வரட்டியால் மூடினார்கள். அதோடு போய்ப் படுத்தவர்கள் மறுநாள் உச்சிப்பொழுதுக்குத்தான் எழுந்தார்கள். அப்படி ஒரு நிம்மதி.

எழுந்ததும் பசித்தது. தினமும் பசித்தது. மற்ற நான்கு கலயங்களும் நிறைமாதக்காரி மாதிரி உட்கார்ந்திருக்க, சோற்றுக் கலயம் மட்டும் சீக்கிரமே காலியானது.

எல்லோரையும் விடப் பசி தாங்காதவன் பெருங்காமு. ஆறு பேர் சோற்றை ஒருவனாக உட்கார்ந்து தின்கிறவன். துணிக் கலயத்தில் கை வைத்தால் என்ன என்று அவன்தான் முதலில் கேட்டான். மூக்கையா காதைப் பொத்திக்கொண்டார். அந்த ஊரில் புத்திசாலி என்று பெயரெடுத்த ஒச்சப்பன் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தான். பசித்தவன் வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொள்வான் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், ஆக துணி பசிக்கு ஆகிற சாமான்தான் என்றான். கலயத்தை வழித்து ஆளுக்கொரு துண்டு வாங்கி, நனைத்து வயிற்றில் கட்டிக்கொண்டார்கள். பசி போகவில்லை. சளி வந்தது.

சளி வந்ததில் ஊருக்கே சந்தோஷம், மருந்துக் கலயத்தைத் திறக்கலாமே. வைத்தியர் எப்படியும் பத்தியக் கஞ்சி குடிக்கச் சொல்வார், கஞ்சியும் அரிசிதானே என்று கணக்குப் போட்டு, வரிசையாகப் படுத்து முனகினார்கள். வைத்தியர் ஒவ்வொருவர் கையாகப் பிடித்துப் பார்த்தார். லங்கணம் பரம ஔஷதம், அதனால் எல்லோரும் மூன்று நாள் பட்டினி கிடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கலயத்தோடு கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்து இருந்தது கல்யாணக் கலயம். கல்யாணம் என்றால் பந்தி உண்டு. ஆனால் ஊரில் எல்லோருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. சரி, தலைவரே தன் மனைவி பேச்சியை இன்னொரு தடவை கட்டிக்கொள்வது என்று முடிவானது. முறைப்படி பெண் கேட்டுப் போனார்கள். பேச்சி இரண்டு நாள் டயம் கேட்டாள். அவள் அண்ணன் வேறு யாருமில்லை, ஒச்சப்பன்தான். அவன் ஊருக்குள் நாலு பேரிடம் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தான். பிறகு மூக்கையாவிடம் வந்து, மாப்பிள்ளைக்குக் குணம் பத்தாது என்கிறார்கள், எங்கள் பெண்ணைத் தருவதற்கில்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டான். மூக்கையாவுக்கு முகம் தொங்கிப் போனது. முதல் தடவை யாரும் இப்படி விசாரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஊர் மந்தையில் கருமாதிக் கலயத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மூக்கையா தொண்டையைச் செருமினார்.

"வரட்டிய எடுக்கணும்னா யாராச்சும் செத்தாகணும். யாரு சாகுறீங்க?"

வேலை இருக்கிறது என்று இரண்டு பேர் எழுந்தார்கள். ஒச்சப்பன் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, நிறையச் சாப்பிடுகிறவன் செத்தால்தான் மற்றவர்களுக்கு நிறைய மிஞ்சும் என்றான். எல்லோரும் பெருங்காமுவைப் பார்த்தார்கள்.

பெருங்காமு லேசில் மசியவில்லை. செத்தவனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டான். செத்தவனுக்குப் பிடித்ததைத்தானே படையல் போடுவார்கள், நீ கேட்பதைச் சமைப்போம் என்றார் மூக்கையா. உடனே அவன் கண்ணை மூடிக்கொண்டு, மொச்சைக் குழம்பு, உளுந்த வடை, வெல்லம் தூக்கலாகப் போட்ட பாயாசம் என்று சொல்லிக்கொண்டே செத்துப் போனான்.

ஆனால் கருமாதி பதினாறாம் நாள்தான் வரும். அதுவரைக்கும் பட்டினி கிடந்தால் ஊரே சாக வேண்டியிருக்கும், அத்தனை பேருக்குக் கலயம் தாங்காது. அதனால் பெருங்காமு பதினாறு நாளைக்கு முன்னாலேயே செத்துவிட்டதாகத் தீர்மானம் போட்டார்கள். அவனுக்கு மனசு விட்டுப் போனது.

"பதினாறு நாளா செத்துக் கெடக்கேன். ஒரு பய எங்கிட்டச் சொல்லலையே, மாமா."

"துக்கமான சேதி மாப்ள. எந்த வாயால சொல்றது" என்றார் மூக்கையா.

அவன் மனைவி அங்கம்மாவுக்கு வேறு சந்தேகம். "அப்ப நேத்து எங்கூடச் சண்ட போட்டது யாரு?" என்றாள். யாராக இருந்தாலும் இனிமேல் வீட்டுக்குள் விடாதே என்று எல்லோரும் புத்தி சொன்னார்கள்.

மறுநாள் காலையில் பெருங்காமு வீட்டு முற்றத்தில் அடுப்பு மூட்டினார்கள். கலயத்தில் இருந்த கடைசிக் காசு வரைக்கும் அரிசியாகவும் மொச்சையாகவும் வெல்லமாகவும் மாறியது. வாசனை பிடித்துக்கொண்டு ஊர் முழுக்க வந்துவிட்டது. இலை போட்டு, சோறும் குழம்பும் வடையும் பாயாசமும் வைத்தான் சின்னக்காளை. எனக்கு ஒரு பந்தியில் அப்பளம் வைக்காமல் தாண்டிப் போன அதே சின்னக்காளைதான். அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன்.

முதல் இலையில் பெருங்காமு உட்கார்ந்தான். கையை நீட்டப் போனவனை மூக்கையா பிடித்துக்கொண்டார்.

"செத்தவன் பந்தியில உக்காந்தா வந்தவங்க என்ன நெனப்பாங்க?"

"செத்தது நானு. சோறு உங்களுக்கா?" என்றான் பெருங்காமு. துண்டு நனைத்துக் கட்டியது, மூன்று நாள் லங்கணம் இருந்தது, கடைசியில் உயிரையே விட்டது, எல்லாம் இந்த ஒரு இலைக்காகத்தானே.

அவன் கேட்டது நியாயம்தான் என்று ஊருக்கும் பட்டது. ஒச்சப்பன் வழி சொன்னான். செத்தவர்கள் காக்காயாக வருவதுதான் முறை. காக்காய்க்குக் கூரையில் சோறு வைப்பதும் முறை. பெருங்காமு கூரைக்குப் போய்விட்டால் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

பெருங்காமு ஏணி வைத்து ஓட்டின் மேல் ஏறினான். ஒரு பிடி சோற்றில் ஒரு வடையை வைத்து, பயபக்தியோடு நீட்டினாள் அங்கம்மா. அவன் வாயைத் திறந்தான்.

"பொறு மாப்ள" என்றான் கீழே இருந்து ஒச்சப்பன். "காக்கா தனியாத் திங்காது. சொந்தத்தக் கூப்புட்டுத்தான் திங்கும். நீ பாட்டுக்கு முழுங்குனா, மேல இருக்கறது காக்கா இல்ல, பெருங்காமுதான்னு ஆயிரும். அப்புறம் நீ செத்தது செல்லாது. கலயத்தத் தொறந்தது ஊர்க்குத்தம்."

பெருங்காமு பாவம், வடையைப் பார்த்தான். பிறகு கழுத்தை நீட்டி, "கா, கா" என்று கத்தினான். நல்ல குரல். பசி இருந்ததால் கூடுதலாகவே வந்தது.

கீழே எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் அவனுக்குச் சொந்தமில்லாதவர் யார்? மாமன், மச்சான், சித்தப்பன், கொழுந்தியாள் என்று அத்தனை பேரும் ஏதாவது ஒரு வழியில் சொந்தம். செத்தவன் வாய்விட்டுக் கூப்பிடும்போது போகாமல் இருப்பது மரியாதை இல்லை. முதலில் மூக்கையா ஏறினார். பின்னாலேயே பேச்சி, ஒச்சப்பன், அங்கம்மா என்று, பரிமாறுகிற சின்னக்காளையைத் தவிர ஒருவர் பாக்கியில்லாமல் ஏறினார்கள். மேலே வந்தவர்கள், கீழே இருக்கிற சொந்தத்தைத் தாங்களும் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஊரே கூரையில் குந்திக்கொண்டு கரைந்தது.

சோறு ஒரு பிடிதான். சரிசமமாகப் பிரித்ததில் பெருங்காமுவுக்கு ஒரு பருக்கை வந்தது.

அந்தச் சத்தத்துக்கு நிஜக் காக்காய்கள் வராமல் இருக்குமா? புளியமரத்திலிருந்து கூட்டமாக இறங்கின. கூரையில் இடமில்லை. முற்றத்தில்தான் வரிசையாக இலை போட்டு, சோறு வைத்து, ஆளில்லாமல் இருந்தது. இலைக்கு இரண்டு மூன்றாக உட்கார்ந்துகொண்டன.

கீழே சின்னக்காளை மட்டும் பாயாச வாளியோடு நின்றான். விரட்டவா என்று அண்ணாந்து கேட்டான்.

மூக்கையா பதறிப் போனார். "அடேய், வந்திருக்கறது நம்ம முன்னோரு. நிதானமாச் சாப்பிடச் சொல்லு."

சின்னக்காளை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து விசாரித்துப் பரிமாற ஆரம்பித்தான். ஊர் மொத்தமும் ஓட்டின் மேலிருந்து வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெருங்காமு ஒவ்வொரு இலையாக நோட்டம் விட்டான். முதல் இலையில் ஒரு காக்காய் மற்றவற்றைக் கொத்தித் துரத்திவிட்டு, தனியாக உட்கார்ந்து விழுங்கிக்கொண்டிருந்தது. நல்ல உருட்டு உடம்பு. கழுத்துத் தெரியவில்லை.

பெருங்காமுவின் முகம் மலர்ந்தது. வயிற்றைத் தடவிக்கொண்டு ஒரு ஏப்பம் விட்டான்.

"சின்னக்காள, மொத எலையில இருக்கறது நாந்தான். பாயாசம் இன்னொரு கரண்டி ஊத்து."