மாமரத்தடி யானை

முன்னொரு காலத்தில் மாவலூர் நாட்டை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் நேரத்துக்கு ஒரு புத்தி. அவருடைய ஒற்றர்கள் மலைமேல் ஏறி, பகைவர் பாசறையைத் துணியில் வரைந்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து இன்னது இன்னது என்று ராஜாவுக்குச் சொல்வது ஒளியப்பன் என்பவனின் வேலை. ராஜா அவன் பேச்சைக் கேட்பதில் சேனாபதி கோப்பண்ணனுக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

இவன் வாய்க்குக் கடிவாளம் வேண்டும் என்று கோப்பண்ணன் ராஜாவின் காதில் ஓதினான். உடனே ஆணை பிறந்தது: "ஒன்று தப்பாகச் சொன்னாலும் தலை போகும்."

அதன்பின் வந்த படத்தில் ஒளியப்பனுக்கு மரங்களுக்குப் பின்னே யானைகள் நிற்பது போலத் தெரிந்தது. யானைதான் என்று சத்தியம் செய்ய முடியவில்லை. கூடாரங்களை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். விடிந்ததும் அந்த யானைகள் வந்து எல்லைக் கோட்டையின் கதவைப் பெயர்த்துவிட்டுப் போயின.

"இனி ஒன்றை விட்டாலும் தலை போகும்" என்று ராஜா ஆணையை மாற்றினார். பாவம், அடுத்த படத்தில் ஒளியப்பனுக்குப் புதரெல்லாம் யானை, புகையெல்லாம் படை. மொத்தச் சேனையும் உச்சி வெயிலில் காய்ந்து நின்றது. வந்தது எருமை மந்தை. ராஜா அவனைக் கழுவேற்றச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவனைச் சபையிலிருந்து இழுத்துப் போகும்போது மந்திரி ஆண்டப்பர் எழுந்தார். அதற்கு முன் சேனாபதியார் ஒரு படம் பார்த்துச் சொல்லட்டும் என்று கேட்டார். ராஜா தலையசைத்ததும் ஒரு துணியை விரித்து, தப்பாகச் சொன்னால் சேனாபதிப் பதவி பறிபோகும் என்றார். ஒரு மரம், அடியில் மேடு மாதிரி ஏதோ ஒன்று, வேறொன்றும் தெரியவில்லை என்றான் கோப்பண்ணன்.

"சரி. இப்போது எதையாவது விட்டால் பதவி போகும்," என்றார் மந்திரி.

கோப்பண்ணன் துணியோடு மூக்கை ஒட்டினான். "மேடு இல்லை, யானை. மதம் பிடித்த யானை. துதிக்கையைத் தலைக்குமேல் மடக்கி வைத்திருக்கிறது."

"அது நம் அரண்மனை மாந்தோப்பு," என்றார் மந்திரி. "நேற்று மதியம் அரசர் உண்ட களைப்பில் கையைத் தலைக்கு வைத்துக் கண்ணயர்ந்தபோது வரையச் சொன்னேன்."

தன் தலையோடு மந்திரி தலையும் போயிற்று என்றே ஒளியப்பன் நினைத்தான்.

"கண்ணும் மாறவில்லை, படமும் மாறவில்லை, அரசே. ஆணைதான் மாறியது," என்றார் மந்திரி.

ராஜா குனிந்து தம் வயிற்றைப் பார்த்தார். பிறகு அது குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "ஒளியப்பா, தெரிந்ததைத் தெரிந்தது என்று சொல், சந்தேகத்தைச் சந்தேகம் என்று சொல். இரண்டுக்கும் உன் தலை போகாது. இப்போது இந்தப் படத்தைப் பார்."

"ஒருவர் தூங்குகிறார், அது நிச்சயம்," என்றான் ஒளியப்பன். "அரசர்தானா என்பது சந்தேகம். குறட்டை படத்தில் தெரிவதில்லை."

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். கோப்பண்ணனுக்கும் ஒரு வேலை கொடுத்தார். அன்றுமுதல் தினமும் மதியம் அவன் மாந்தோப்பில் அந்த யானைக்கு விசிறி வீசினான்.