புகை விடுகிற வண்டி

“அவன் லேட்டா வர்றவன் டீச்சர். நன்றி கெட்டவன். ஊரைக் கூட்டிச் சொல்லுவேன்!”

சோணைமுத்து காகிதத்தை மேசையில் அறைந்தார்.

பழைய பைக், ஸ்கூட்டர் வாங்கி விற்கிறவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது. மிச்சத்தை அடிபட்டுக் கற்றார். ஐம்பத்திரண்டு வயதில், தன் கடைக்கு மேல்மாடியில் தபிதா நடத்தும் ஆங்கில வகுப்பில் போய் உட்கார்ந்தார். டீச்சருக்கு அவர் வயதில் பாதி. வீடும் வகுப்பும் அந்த மாடியிலேயே.

காகிதத்தில் ஒரே வரி. ‘ஹி கம்ஸ் லேட்.’

“யாரு அண்ணே?”

“ஜாபர். என் மெக்கானிக். மஸ்கட்ல வேலையாம், கிளம்புறான். ஆள் எப்படின்னு அந்தக் கம்பெனிக்காரன் என்கிட்ட எழுதிக் கேக்குறான். எழுதிட்டேன். பிழை இருந்தா திருத்துங்க.”

“பிழை இல்ல. ‘கம்ஸ்’னா அது அவர் வழக்கம். ‘ஈஸ் கமிங்’னா இப்போதைக்கு நடக்குறது. எது?”

“ரெண்டும் ஒண்ணுதானே! இருக்குறது ஒரு நிகழ்காலம், அதுக்கு ரெண்டு விலையா? மூணு மாசமா கேக்குறேன், நீங்களும் விளங்கச் சொல்லல.”

தபிதா எழுந்தாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

“என் வண்டியை விக்கணும். பாக்குறீங்களா?”

கோபம் நின்ற இடத்தில் வியாபாரி வந்து நின்றார்.

கீழே போனார்கள். இரவெல்லாம் மழையில் நனைந்த ஸ்கூட்டர். சோணைமுத்து முதலில் சைலன்சரைத் தொட்டுப் பார்த்தார்.

“எதுக்கு?”

“ஜில்லுனு இருக்கணும். சூடா இருந்தா, நாம வர்றதுக்கு முன்னாடியே விக்கிறவன் ஓட்டி, நோயை மறைச்சிட்டான்னு அர்த்தம்.”

கிளப்பினார். குப்பென்று புகை.

“அய்யோ, புகை விடுற வண்டியா?”

“அவசரப்படாதீங்க. ஓடட்டும். சூடேறின பிறகும் விட்டாத்தான் அது புகை விடுற வண்டி. இப்ப விடுது, அவ்வளவுதான். பாக்காம சொன்னா நான் வியாபாரியே இல்ல.”

பத்து நிமிடம் ஓடியது. புகை நின்றது.

“நல்ல வண்டி” என்றார், மனசே இல்லாமல்.

“இதையே முன்பின் தெரியாத ஆள் கொண்டு வந்தா, அவர்கிட்டயும் இப்படித்தான் சொல்வீங்களா?”

சோணைமுத்து சிரித்துவிட்டார். “எனக்கென்ன கிறுக்கா? முதல் புகையிலேயே ‘புகை விடுற வண்டிய்யா இது’ன்னு அமத்திருவேன். அப்பத்தானே விலை இறங்கும்!”

தபிதா அந்தக் காகிதத்தை நீட்டினாள்.

“ஜாபரை எவ்வளவுக்கு இறக்கணும்?”

ஸ்கூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. சோணைமுத்து எஞ்சினை அணைத்தார்.

“அவன் அத்தாவுக்குக் கால் உடைஞ்சு போச்சு. ரெண்டு மாசமா, காலையில அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டுத்தான் கடைக்கு வந்தான்.”

“அதுக்கு முன்னாடி?”

“ஒம்பது வருஷம். எனக்கு முன்னாடி வந்து ஷட்டரைத் தூக்கிருவான்.” குரல் மறுபடி ஏறியது. “அப்படிப்பட்டவன் என்னை விட்டுட்டுப் போறேங்குறான். கத்தாம என்ன செய்யச் சொல்றீங்க?”

அவள் பேனாவை நீட்டினாள்.

பழைய வரியை அடித்தார். ஸ்கூட்டர் சீட்டின் மேலேயே வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, புது வரியைத் தொடங்கினார்.

“ஷட்டருக்கு ‘ஓபன்ஸ்’தான். ‘ஈஸ் ஓபனிங்’ இல்ல. சரிதானே?”

அவள் சிரித்தாள்.

பாதி வரியில் பேனா நின்றது.

“டீச்சர், ஒரு சந்தேகம். நான் கத்துறவனா? இல்ல, இப்ப கத்திக்கிட்டு இருக்கேனா?”

தபிதா தன் உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள்.

“இன்னும் சூடு ஆறல அண்ணே. ஆறினப்புறம் பாத்துச் சொல்றேன். முதல்ல அந்தக் கடிதத்தைச் சரியா எழுதி முடிங்க.”