கரையடியில் ஒரு சாட்சி

“அந்தக் கரை மேலே யானையே நடக்கலாம். இவள் என்னடாவென்றால்...”

“யானை நடக்கட்டும் சாமி, நான் சொல்றது கரைக்கு அடியில...”

“அடியில் என்ன இருக்கிறது? மண். மேலேயும் மண், நடுவிலும் மண்.”

“அந்த மண்ணு வழியாத்தான் தண்ணி வருதுங்கிறேன். புரட்டாசி வெயில்லயும் என் அடுப்பு நனைஞ்சு கெடக்கு. ஊதி ஊதி என் கன்னந்தான் வீங்குது, தீ பிடிக்கல.”

“அடுப்பு பற்றவில்லை என்று அரசவைக்கு வந்திருக்கிறாள், மன்னா” என்றார் பிரதானி.

இது எந்த ஊரில், எந்த மன்னர் காலத்தில் என்றெல்லாம் கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டு மன்னர் நல்லவர்தான். ஆனால் ஓர் ஆசை வந்துவிட்டால் பிடித்த பிடியை விடமாட்டார். அந்த வருஷம் அவருக்கு அன்னப்பறவை வடிவில் ஒரு படகு செய்து, முழுநிலவு நாளில் அதில் மிதக்கவேண்டும் என்று ஆசை வந்தது. எங்கே மிதப்பது? அவருடைய தலைமை அமைச்சரான பிரதானி வீரகேசரி, “என் ஏரியில்” என்று முந்திக்கொண்டார்.

அது அவருடைய சொந்த ஏரி. மலையடிவாரத்தில் தமது கரும்புத் தோட்டத்துக்காகப் புதிதாக மண்கரை போட்டு ஓடையை மறித்திருந்தார். கரைக்குக் கீழே தாழம்பள்ளம் என்ற ஊர், நாற்பது வீடு. படித்துறையின் மேல்படியைத் தண்ணீர் தொட்டால்தான் படகு அழகாக நிற்கும் என்று மன்னர் சொல்லிவிட்டதால், ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலுங்கையே கல்லும் களிமண்ணும் போட்டு அடைத்துவிட்டார் பிரதானி. தண்ணீரும் ஏறியது. கூடவே, கரையை ஒட்டிய முதல் வீட்டுக்காரி மாடத்தியின் அடுப்பில் ஈரமும் ஏறியது.

அவளை அவைக்கு அழைத்து வந்தவன் விகடகவி திருமேனி. பிரதானிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. தாம் ஒரு மணி நேரம் பேசி மன்னரிடம் வாங்கும் தலையசைப்பை, இவன் ஒரு சிரிப்பில் வாங்கிவிடுகிறானே என்ற வயிற்றெரிச்சல்.

“என் நிலம், என் மண், என் ஆட்கள் போட்ட கரை. இதில் ஊராருக்கு என்ன பேச்சு?” என்றார் பிரதானி.

“கரை தங்களுடையதுதான், ஐயா. தண்ணீர் புறப்பட்டால் தங்கள் எல்லைக்கல்லைப் பார்த்ததும் நின்றுவிடுமா என்பதுதான் இந்த அம்மாளின் சந்தேகம்” என்றான் திருமேனி.

அவையில் சிலர் சிரித்தார்கள். மன்னர் சிரிக்கவில்லை. படகு கைநழுவிப் போகிறதே என்ற கவலை அவருக்கு. யோசித்துப் பார்த்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். ஊரார் பயந்தவர்கள், அவர்கள் சாட்சி செல்லாது. திருமேனி பிரதானிக்கு வேண்டாதவன், அவன் சாட்சியும் செல்லாது.

“அந்தக் கரையின் ஒவ்வொரு பிடி மண்ணையும் அறிந்த ஒருவன் வேண்டும். அவனுக்குப் பிரதானியிடம் பகை இருக்கக்கூடாது. ஏரியை வடிப்பதால் அவனுக்கு ஆதாயமும் இருக்கக்கூடாது. அப்படி ஒரு சாட்சியை மூன்றாம் நாள் என் முன் நிறுத்து. அதுவரை கரையில் ஒரு மண்ணாங்கட்டியைக்கூட எவரும் தொடலாகாது.”

பிரதானி விடுவாரா? சாட்சி வராவிட்டால் திருமேனிக்குப் பாதி மீசை மழித்து எல்லை கடத்தவேண்டும், பொய்ப்புகார் சொன்னதற்காக மாடத்தி குடும்பமும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று கூடவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மாடத்தி அழவில்லை. வானத்தைப் பார்த்தாள். மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

“என்ன அண்ணே, உங்க மீசைக்கும் வேட்டு, என் வீட்டுக்கும் வேட்டு. அப்படி ஒரு ஆளு எங்க இருக்கான்?”

திருமேனிக்கும் தெரியவில்லை. அவள் பின்னாலேயே ஊருக்குப் போய்க் கரையடியைப் பார்த்தான். மதகுக்குப் பக்கத்தில், நண்டு வளை ஒன்றிலிருந்து விரல் பருமன் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர். வளையின் வாயில் யாரோ வைக்கோலைத் திணித்திருந்தார்கள்.

“இங்கே யாராவது வருவதுண்டா தாயி?”

“ஏன், பிரதானி ஐயாவே வருவாரு. தெனம் விடியக்காலம் பல்லக்குல வருவாரு. ஏரியப் பாக்கமாட்டாரு, தோட்டத்தப் பாக்கமாட்டாரு. நேரா இங்க எறங்கி, இந்தத் தண்ணிய உள்ளங்கையில ஏந்தி வெயில்ல காட்டிப் பாப்பாரு.”

“குடிப்பாரா?”

“எங்க குடிக்கிறாரு. ஊத்திட்டுப் போயிருவாரு.”

திருமேனி கரையையும் வைக்கோலையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் மீசையை ஒருமுறை தடவிக்கொண்டான்.

மறுநாள் அவையில் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கரை முதன்முதலாக முழுத் தண்ணீர் தாங்கும்போது, கரைக்கு உரியவர் அதன் வெளியடியில், ஊர்ப் பக்கமாக, இலை போட்டு உட்கார்ந்து பருப்பு முதல் தயிர் வரை நிதானமாகச் சாப்பிடவேண்டும். கரையடிச் சோறு என்று பெயர். பிரதானி அரசாங்க வேலை என்று சொல்லி அதைத் தள்ளிப்போட்டே வந்திருந்தார். அதை மூன்றாம் நாள் நடத்தலாமே, மன்னர் பக்கத்து மேட்டில் பந்தலிலிருந்து பார்க்கலாமே என்றான் திருமேனி. யானை நடக்கும் என்று சொன்ன கரைக்கு அடியில் உட்காரமாட்டேன் என்று பிரதானி எப்படிச் சொல்வார்?

மூன்றாம் நாள் வந்தது. மன்னர் மேட்டுப் பந்தலில் அமர்ந்தார். தாழம்பள்ளம் முழுக்க அங்கே கூடிவிட்டது. பிரதானி மட்டும் தனியாக வந்தார். மனைவிக்குக் காய்ச்சல் என்றார். பிள்ளைகள் மாமனார் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றார். கிழக்கு முகமாக உட்கார இலை போட்டிருந்தார்கள். அவரோ கரையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டார். செருப்பைக் கழற்றவில்லை.

பருப்பு விழுந்தது, குழம்பு கேட்டார். குழம்பு விழுந்தது, தயிர் கேட்டார்.

“ஐயா, நடுவே ஒன்பது பதார்த்தம் இருக்கிறது” என்றான் திருமேனி. “மெதுவாகச் சாப்பிடுங்கள். கரை எங்கும் போய்விடாது.”

ஒரு தவளை கசிவுத் தண்ணீரில் குதித்தது. பிரதானியின் கையிலிருந்த கவளம் இலைக்கு வெளியே விழுந்தது. பந்தலில் மன்னர் சற்றே முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

அப்போது மதகுப் பக்கமிருந்து மாடத்தி விருந்துக்கு வந்த வெள்ளிக் கிண்ணம் ஒன்றோடு நடந்து வந்தாள். அதைப் பிரதானியின் இலைக்கு முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தாள். கிண்ணம் நிறையச் செக்கச்செவேலென்று சேற்றுத் தண்ணீர்.

பிரதானி அதைப் பார்த்தார். அவ்வளவுதான். இலை ஒரு பக்கம், அங்கவஸ்திரம் ஒரு பக்கம். எச்சில் கையோடு மேட்டில் ஏறி, மன்னரையும் தாண்டி, பந்தலின் பின்கால் வரை ஓடித்தான் நின்றார்.

“கலங்கி வந்துவிட்டது, எல்லோரும் மேலே வாருங்கள், கரை உடையப்போகிறது” என்று அலறினார்.

மன்னர் திகைத்துப்போய் என்ன ஏது என்று கேட்டார். பிரதானிக்கு மூச்சு வாங்கியது. வாங்கிய மூச்சோடு எல்லாம் கொட்டியது. கசிவு தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் தண்ணீர் கரையை உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள், அதற்குப் பிறகு ஒரு நாழிகைகூடத் தாங்காது. கலுங்கை அடைத்த நாளிலிருந்தே கசிவுதான். மூன்று முறை வைக்கோல் அடைத்தும் நிற்கவில்லை. தினமும் வந்து நிறம் பார்த்துவிட்டுத்தான் போகிறார். மனைவிக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை.

சொல்லி முடித்த பிறகுதான், தாம் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

கரை அசையாமல் நின்றிருந்தது. அதன் அடியிலிருந்து திருமேனி நிதானமாக மேட்டில் ஏறி வந்து வணங்கினான்.

“மன்னா, தாங்கள் கேட்ட சாட்சி. இந்தக் கரையின் ஒவ்வொரு பிடி மண்ணையும் அறிந்தவர். பிரதானியிடம் இவருக்குப் பகை கிடையாது. இவரைப்போல் பிரதானியை நேசிப்பவர் இந்த நாட்டிலேயே இல்லை. ஏரி வடிந்தால் இவருக்கு ஆதாயமும் இல்லை.”

“அந்தச் சேற்றுத் தண்ணீர்?”

“மாடத்தி வீட்டுக் குடத்துத் தண்ணீரும், குயவர் வீட்டு மண் ஒரு பிடியும். தங்கள் ஆணைப்படி கரையில் ஒரு கட்டியைக்கூட நாங்கள் தொடவில்லை. கசிவு இன்றைக்கும் தெளிவாகத்தான் வருகிறது. அது நிஜமாகவே கலங்கும் நாளில் சாட்சி சொல்ல நாங்கள் எவரும் இருக்கமாட்டோம். அதனால் கொஞ்சம் முன்னதாகக் கேட்டுவிட்டேன்.”

மன்னர் ஒரு கணம் கிண்ணத்தைப் பார்த்தார். பந்தல்காலைப் பிடித்து நின்ற பிரதானியின் செருப்புக் காலைப் பார்த்தார். பிறகு வந்தது சிரிப்பு. சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றே கலுங்கு திறக்கவேண்டும், முதல் கல்லைப் பிரதானியே தம் கையால் எடுக்கவேண்டும், ஏரி வடிந்ததும் வளையைத் தோண்டிக் களிமண் இடித்துக் கரையைக் கெட்டிப்படுத்துகிறவரை மண்கூடை அவர் தலையில்தான் இருக்கவேண்டும் என்று ஆணை பிறந்தது. படகு அடுத்த வருஷம் மிதக்கட்டும் என்றார்.

கலுங்கு திறந்து, தண்ணீர் ஊரை விட்டு விலகி ஓடையில் பாய்ந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். நான்காம் நாள் மலையில் கொட்டிய மழை, வந்த வேகத்திலேயே அதே வழியாகப் போய்விட்டது. நாற்பது வீட்டிலும் ஒரு மண்சட்டிகூட நனையவில்லை.

மழை ஓய்ந்ததும் மன்னர் அவை கூட்டினார். மாடத்திக்குப் பட்டும் ஒரு கறவைப் பசுவும் கொடுத்தார். திருமேனியின் மீசையைத் தம் கையாலேயே முறுக்கிவிட்டு, பொன் கடகம் அணிவித்து, நாட்டிலுள்ள எல்லாக் கரைகளையும் சோதிக்கும் அதிகாரத்தையும் அவனுக்கே தந்தார். அவை ஆரவாரித்தது.

திருமேனி வணங்கிவிட்டு, சன்னல் வழியாக, அரண்மனைக்கு மேற்கே மேட்டில் பளபளத்த அரசரின் பெரிய ஏரியைப் பார்த்தான்.

“அப்படியானால் நாளைக் காலை அந்த ஏரியின் கரையடியில் தங்களுக்கு இலை போடச் சொல்லட்டுமா, மன்னா?”