தொட்டியில் கிடந்த கத்தி

வேல்ஸ் நாட்டில், ஆற்றோரமாகச் செம்பு உருக்கும் உலை ஒன்று புதிதாக எழும்பிய காலம் அது. உலைப்புகை படிந்து மலைச்சரிவில் புல்லெல்லாம் கருகியது. மாரெட் என்ற கைம்பெண்ணின் ஒன்பது மாடுகளில் ஏழு செத்துப்போயின. உலையை அணைக்கச் சொல்லி அவள் வழக்குப் போட்டாள்.

உலை முதலாளி பெவன் நீதிமன்றத்தில் சிரித்தார். "புகையில் என் பேர் எழுதியிருக்கிறதா? என்னுடையதுதான் என்று காட்டு, பார்க்கலாம்!"

மாரெட் கூடையிலிருந்து ஓர் இரும்புக் கத்தியை எடுத்தாள். அதன் அலகு சிவந்திருந்தது.

"என் மாடுகள் குடிக்கும் மழைநீர்த் தொட்டியில் ஒரு வாரம் கிடந்தது, ஐயா. இது துரு இல்லை, புகையோடு தண்ணீரில் இறங்கிய செம்பு படிந்திருக்கிறது. என் வயலில் புல்தான் விளையும். செம்பு உங்களிடம்தானே விளைகிறது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெவனுக்கு ஆத்திரம் பொங்கியது. "அப்படியானால் அது என் செம்பு. கத்தியை வைத்துவிட்டுப் போ!"

"எடுத்துக்கொள்ளுங்கள். செத்த மாடுகளையும் வண்டியில் ஏற்றி அனுப்புகிறேன். அவற்றின் வயிற்றிலும் உங்கள் செம்புதான்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி நிமிராமலே தீர்ப்பைப் படித்தார். புகை பெவனுடையதுதான், ஆனால் ஊரே அந்த உலையை நம்பிப் பிழைப்பதால் அதை அணைக்கச் சொல்ல முடியாது.

அடுத்த மாதமே மீதி இரண்டு மாடுகளும் செத்து விழுந்தன. மாரெட் உலை வாசலில் போய் வேலை கேட்டு நின்றாள்.