ஆள்காட்டிமேட்டின் எட்டு வீடுகள்

பறவையின் பேச்சு மனிதருக்கும், மனிதரின் பேச்சு பறவைக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், இரண்டு ஓடைகள் சேரும் பள்ளத்தில் எட்டுக் குடும்பங்கள் குடியிருந்தன. வாசலிலேயே தண்ணீர், கொல்லையில் வண்டல் மண். பக்கத்தில் இருந்த சரளைமேட்டை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அங்கே புல்கூட முளைக்காது.

மாடத்தி மட்டும் ஒருநாள், வழிதவறிய ஆட்டைத் தேடி அதில் ஏறினாள். உச்சியில், நீண்ட மஞ்சள் கால்களை மடக்கி, ஒரு பறவை நான்கு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. முட்டைகள் பால்போல வெள்ளை. சத்தம் கேட்டால் பருந்து இடத்தைக் கண்டுகொள்ளும், அதனால் வாயே திறப்பதில்லை என்று அது மெல்ல முணுமுணுத்தது. போன வருஷத்து முட்டைகள் அப்படிப் போனவைதானாம். மாடத்தியும் அப்போது கைக்குழந்தைக்காரி. அன்றிலிருந்து ஆடுகளை அந்தப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

ஐப்பசியில் ஒரு மதியம். ஊருக்கு மேலே வானம் வெளுத்திருந்தது. மழையெல்லாம் தொலைவில் மலையில். கஞ்சி குடித்துவிட்டு ஊரே கண்ணயர்ந்திருந்தது. மேட்டிலிருந்த பறவை, பெரிய ஓடையில் செந்நிறமாக வெள்ளம் புரண்டு வருவதைப் பார்த்தது. அண்ணாந்தால் பருந்து வட்டமிடுகிறது. குனிந்தால் எட்டுக் கூரைகள். கொஞ்ச நேரம் தவித்தது. பிறகு எழுந்து பறந்து, தொண்டை கிழியக் கத்தியது.

“எந்திரிங்க! தண்ணி வருது! மேட்டுக்கு வாங்க!”

மாடத்தி குழந்தையை இடுப்பில் இடுக்கினாள். மறு கையில், ஏனென்று தெரியாமலே, அடுப்படியில் இருந்த கஞ்சிச்சட்டியைத் தூக்கிக்கொண்டாள். அவள் புருஷன் சுடலை தன் தாயைத் தோளில் சுமந்து ஓடினான். கடைசி ஆள் மேட்டில் கால்வைத்த பிறகுதான் வெள்ளம் வீடுகளை வாரிக்கொண்டு போனது. ஒருவரை ஒருவர் தொட்டுத்தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு உயிர்கூடக் குறையவில்லை.

மாடத்தி உச்சிக்குப் போனாள். அந்தச் சத்தத்துக்குப் பருந்து வந்துபோயிருந்தது. மூன்று முட்டைகளைக் காணவில்லை. மிஞ்சிய ஒன்றின் மேல் சிறகை விரித்தபடி பறவை நின்றது. பருந்து திரும்பவும் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது.

மாடத்தி குழந்தையைச் சுடலையிடம் கொடுத்தாள். சட்டியில் மிஞ்சிய கஞ்சித்தண்ணியில் மண்ணைக் குழைத்து முட்டை முழுக்கப் பூசினாள். சட்டியின் அடிக்கரியை விரலால் வழித்து அங்கங்கே அப்பினாள். சரளைக்கு நடுவில் வைத்தபோது கல் எது, முட்டை எது என்று அவளுக்கே தெரியவில்லை. பருந்து சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

“எங்க பிள்ளைகளைக் காப்பாத்திட்டு உன் பிள்ளைகளைக் கொடுத்துட்டியே, தாயி,” என்றாள் மாடத்தி. “நாங்க என்ன செஞ்சு இதைத் தீர்க்க?”

பறவைக்குக் குரல் கரகரத்தது. “பள்ளத்துக்குத் திரும்பிப் போகாதீங்க அக்கா. இங்கேயே இருங்க. உச்சியை மட்டும் எனக்கு விட்டுருங்க.”

அப்படியே செய்தார்கள். உச்சியை விட்டு, மேட்டின் சரிவில் சுற்றிலும் வீடு கட்டினார்கள். எட்டு வீட்டுக்குத்தான் இடம் இருந்தது. தனிக்குடித்தனம் போகிற பிள்ளை ஓடைக்கு அக்கரையில் வீடு கட்டுவானே தவிர, உச்சியில் ஒரு கல்லையும் நகர்த்தமாட்டான். மிஞ்சிய முட்டை பொரிந்து, குஞ்சு நெட்டைக் காலில் தள்ளாடி ஓடிய நாளில் பெண்கள் குலவையிட்டார்கள். ஆட்களுக்கு மேட்டைக் காட்டியதால் பறவைக்கு ஆள்காட்டி என்று பெயர் வைத்தார்கள்.

ஆள்காட்டியின் முட்டை மண்ணிறத்தில் கரித்திட்டோடு இருப்பதும், அது கிழிந்த குரலில் கத்துவதும், அந்த ஊர் எட்டு வீட்டைத் தாண்டாததும் அன்று முதல்தான். எப்போது அந்தக் குரல் கேட்டாலும் அங்குள்ள பெண்கள் கைவேலையை நிறுத்தி, மேலே பார்த்து, “கேட்டுச்சு, தாயி” என்று பதில் சொல்வதும் அன்று முதல்தான்.